ஃபைல் ஏன் போக மாட்டேங்குது? – வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கடிதம், மெயில் எல்லாத்தையும் பிரிச்சு வெச்சா பெரும்பாலும் ஒரே தலைவலிதான். மெசேஜ் போகுது, ஃபைல் மட்டும் போக மாட்டேங்குது, இல்லன்னா வருது ஆனா திறக்க மாட்டேங்குது. சில பேர் இதுக்காக ஆன்டிவைரஸையே ஆஃப் பண்ணி வெச்சிருக்காங்க, இன்னும் சில பேர் வாட்ஸப்பை அழிச்சு மறுபடி போட்டு பழைய சாட் எல்லாத்தையும் தொலைச்சிருக்காங்க, படிக்கவே கஷ்டமா இருந்துச்சு. அதனால இந்த இதழ் முழுக்க இதுக்கே ஒதுக்கிட்டோம். எல்லாருக்கும் பொதுவா ஒண்ணு சொல்லிடறேன், எதுல கை வைக்கறதுக்கும் முன்னாடி ஃபைல் எந்த இடத்துல நிக்குதுன்னு பாருங்க. உங்க போன்லயா, நடுவுல இருக்கற நெட்வொர்க்லயா, வாங்கறவங்க போன்லயா. அது தெரியாம செட்டிங்ஸ்ல எதையாவது மாத்தினா ஒரு பிரச்சனை ரெண்டாயிடும்.

கேள்வி: அம்பத்தூர்ல ஒரு தனியார் கம்பெனியில பர்ச்சேஸ் செக்‌ஷன்ல இருக்கேன். ஆபீஸ் கம்ப்யூட்டர்ல வாட்ஸப் வெப்ல சாட் நல்லா போகுது, ஆனா சப்ளையருக்கு டிராயிங் பிடிஎஃப் அனுப்பினா வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு. அதே ஃபைல் என் போன்ல இருந்து உடனே போயிடுது. சாட் போற வழியில ஃபைல் மட்டும் எப்படி நிக்கும்?

பதில்: சாட்டும் ஃபைலும் ஒரே வழியில போறதில்ல சார், அதுதான் விஷயம். நீங்க டைப் பண்ற மெசேஜ் எல்லாம் ஏற்கனவே திறந்து வெச்சிருக்கற ஒரு கனெக்‌ஷன் வழியா சர்வருக்கு போயிடும். ஃபைல் அப்படி இல்ல. நீங்க டிராயிங்கை செலக்ட் பண்ணினதும் உங்க கம்ப்யூட்டரே அதுக்குன்னு புதுசா ஒரு சாவி உருவாக்கி, அந்த சாவியால ஃபைலை பூட்டி, பூட்டின மூட்டையை மீடியாவுக்குன்னு இருக்கற வேற ஒரு சர்வர்ல அப்லோட் பண்ணுது. அப்லோட் முடிஞ்சதுக்கு அப்புறம்தான் சாட் வழியா ஒரு சின்ன மெசேஜ் போகும், அதுல மூட்டை எங்க இருக்குங்கற அட்ரஸ், திறக்கற சாவி, நடுவுல யாரும் மாத்தலன்னு சரிபார்க்க ஒரு கணக்கு, இவ்வளவுதான் இருக்கும். சப்ளையர் போன் அந்த அட்ரஸுக்கு போய் மூட்டையை எடுத்து, சாவி போட்டு திறந்துக்கும். யாராவது உங்களுக்கு போட்டோ அனுப்பும்போது முதல்ல மங்கலா ஒரு படம் தெரிஞ்சு அதுமேல கீழ்நோக்கி ஒரு அம்புக்குறி இருக்கும் பாருங்க, அந்த மங்கல் படம் மெசேஜோடயே வந்துடுச்சு, நிஜ போட்டோ இன்னும் மீடியா சர்வர்லதான் இருக்குன்னு அர்த்தம்.

உங்க ஆபீஸ்ல சாட் சர்வருக்கு வழி விட்டிருக்காங்க, மீடியா சர்வருக்கு விடல. ஃபோர்ட்டிநெட், பாலோ ஆல்டோ மாதிரி கம்பெனிகளோட ஃபயர்வால்ல, அதாவது நெட்வொர்க் வாசல்ல நின்னு எது போகலாம்னு பார்க்கற காவல்காரன்ல, வாட்ஸப் சாட்டுக்கு ஒரு ரூல், வாட்ஸப் ஃபைல் ட்ரான்ஸ்ஃபருக்கு தனியா ஒரு ரூல் போடற வசதியே இருக்கு, அதனால இது கோளாறா இல்லாம வேணும்னே போட்ட தடையா இருக்கவும் நிறைய வாய்ப்பு இருக்கு. டிராயிங், விலைப்பட்டியல் எல்லாம் வெளிய போயிடக்கூடாதுன்னு யோசிக்கற கம்பெனி இதைத்தான் முதல்ல பண்ணும்.

உறுதி பண்ணிக்க ஒரு சுலபமான வழி இருக்கு. கம்ப்யூட்டர் வைஃபையை துண்டிச்சுட்டு உங்க போன் ஹாட்ஸ்பாட்ல சேர்த்து அதே ஃபைலை அனுப்பிப் பாருங்க, போயிடுச்சுன்னா ஆபீஸ் நெட்வொர்க்தான் தடுக்குது, அப்பவும் சுத்துச்சுன்னா பிரச்சனை கம்ப்யூட்டர்ல, பிரவுசர்லன்னு வெச்சுக்கலாம். ஆனா ஆபீஸ் லேப்டாப்பை ஹாட்ஸ்பாட்ல போடவே கூடாதுன்னு சில கம்பெனியில விதி இருக்கு, அதை மட்டும் கேட்டுக்கிட்டு பண்ணுங்க, டெஸ்ட்டுக்கு டிராயிங்கையும் அனுப்பாதீங்க, ஏதாவது ஒரு சாதாரண பிடிஎஃப் போதும். சாட்ல வர்ற குறிகளையும் கவனிங்க. கடிகார குறி இருந்தா உங்ககிட்ட இருந்தே இன்னும் கிளம்பல. ஒரு டிக் வந்தா சர்வர் வரைக்கும் போயாச்சு, உங்க பக்கம் வேலை முடிஞ்சது. ரெண்டு டிக் வந்தும் அவர் திறக்க முடியலன்னா அவர் போனைத்தான் பார்க்கணும், நீங்க பத்து தடவை மறுபடி அனுப்பியும் பிரயோஜனம் இல்ல.

தடை ஆபீஸ்ல இருக்குன்னு தெரிஞ்சா ஐடி டிபார்ட்மென்ட்டுக்கு மெயில் போடுங்க. "வாட்ஸப் வேலை செய்யல"ன்னு ஒரு வரி போட்டா அவங்களும் "இங்க எல்லாம் ஓகே"ன்னு ஒரு வரிதான் பதில் போடுவாங்க. எத்தனை மணிக்கு அனுப்பினீங்க, என்ன வகை ஃபைல், எவ்வளவு சைஸ், ஹாட்ஸ்பாட்ல போச்சா, ஸ்க்ரீன்ஷாட், இவ்வளவும் வெச்சு எழுதினா அந்த நேரத்து ஃபயர்வால் லாக்கை, அதாவது என்ன போச்சு என்ன நின்னுச்சுங்கற பதிவை, எடுத்துப் பார்த்து காரணத்தை சொல்லிடுவாங்க. விபிஎன் போட்டு தாண்டிடலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க சார். அந்த தடை கம்பெனியோட பாதுகாப்புக்கு போட்டது, அதை தாண்டினது லாக்ல உங்க பேர்லதான் இருக்கும்.

கேள்வி: எங்க அம்மா தேனியில தனியா இருக்காங்க. நாங்க அனுப்பற பேரன் பேத்தி போட்டோ எதுவும் டவுன்லோட் ஆக மாட்டேங்குது, கொஞ்ச நேரம் கழிச்சு முயற்சி பண்ணுங்கன்னே வருதுன்னு போன்ல சொல்றாங்க. கடைக்காரர் வாட்ஸப்பை அன்இன்ஸ்டால் பண்ணி போட்டா சரியாயிடும்கறார். பண்ணலாமா?

பதில்: பண்ண வேண்டாம்மா, அதை கடைசியா வெச்சுக்கலாம். பேக்கப் இல்லாம அன்இன்ஸ்டால் பண்ணினா அம்மாவோட பழைய மெசேஜ் எதுவும் திரும்பி வராது, அப்பா குரல்ல ஏதாவது வாய்ஸ் மெசேஜ் இருந்தா அதுவும் சேர்ந்து போயிடும். ஆப் செட்டிங்ஸ்ல கிளியர் டேட்டான்னு இருக்கறதும் அதே வேலையைத்தான் பண்ணும், அதையும் தொட வேண்டாம். பக்கத்துல இருக்கற கிளியர் கேஷ் மட்டும் ஆபத்து இல்லாதது.

முதல்ல போன்ல தேதியும் நேரமும் சரியா இருக்கான்னு கேளுங்க. இதுக்கும் போட்டோவுக்கும் என்ன சம்பந்தம்னு தோணும். போன் மீடியா சர்வரோட பேசும்போது அந்த சர்வரோட சான்றிதழ் இன்னிக்கு தேதியில செல்லுமான்னு பார்க்கும், பழைய போன்ல பேட்டரி சுத்தமா இறங்கி தேதி எங்கயோ பின்னாடி போயிருந்தா செல்லாதுன்னு முடிவு பண்ணி கனெக்‌ஷனை விட்டுடும். செட்டிங்ஸ்ல தேதி நேரம் ஆட்டோமேட்டிக்னு வெச்சா போதும்.

தேதி சரியா இருந்தா அடுத்தது இடம். பெரியவங்க போன்ல பெரும்பாலும் இதுதான் காரணம், காலை வணக்கம் படமும் கோயில் வீடியோவுமா சேர்ந்து சேர்ந்து நிரம்பியிருக்கும். வாட்ஸப் செட்டிங்ஸ்ல ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா, அதுக்குள்ள மேனேஜ் ஸ்டோரேஜ் போனா 5 எம்பிக்கு மேல இருக்கறது, நிறைய தடவை ஃபார்வர்ட் ஆனதுன்னு தனித்தனியா பிரிச்சே காட்டும், அங்க இருந்து அழிங்க, குடும்ப போட்டோ தவறிப்போய் அழியாது. அதுவும் இல்லன்னா ஆப் பர்மிஷன்ல போட்டோஸ் அண்ட் வீடியோஸ் டினைன்னு இருக்கான்னு பாருங்க, என்னைக்கோ கேட்டப்ப தெரியாம அமுக்கியிருப்பாங்க.

இன்னொண்ணு, ரொம்ப நாள் முன்னாடி வந்த போட்டோவை இப்ப தொட்டா சர்வர்ல அது இருக்காது. அதுக்கு அம்மா போன்ல எதையும் சரிபண்ண வேண்டியதில்ல, நீங்க மறுபடி அனுப்பிட்டா வந்துடும்.

கேள்வி: கும்பகோணத்துல போட்டோ ஸ்டுடியோ வெச்சிருக்கேன். கல்யாண ஆல்பம் ஷீட் எல்லாம் ஜிப் பண்ணி மதுரை லேபுக்கு வாட்ஸப்ல அனுப்பினா ஃபைல் பெருசுன்னு தள்ளிடுது, 3 ஜிபிக்கு கிட்ட வருது. தனித்தனி போட்டோவா அனுப்பினா லேப்ல குவாலிட்டி இல்லன்னு திருப்பி அனுப்பறாங்க.

பதில்: லேப்காரங்க சொல்றது நியாயம்தான். போட்டோவா அனுப்பினா வாட்ஸப் அதை சுருக்கிடும், சாதாரண குவாலிட்டியில நீளப் பக்கம் சுமாரா 1600 பிக்சல்தான் மிஞ்சும். நீங்க 12க்கு 36 இன்ச் ஷீட் போடறீங்கன்னா 300 டிபிஐக்கு, அதாவது இன்ச்சுக்கு 300 புள்ளி கணக்குல, நீளத்துல 10,800 பிக்சல் வேணும். 1600 பிக்சலை 36 இன்ச்ல விரிச்சா இன்ச்சுக்கு 44 பிக்சல்தான், பொண்ணு மாப்பிள்ளை முகமே கட்டம் கட்டமா தெரியும். 2023ல வந்த ஹெச்டி ஆப்ஷனும் போன்ல பார்க்கத்தான், ஆல்பம் பிரிண்ட்டுக்கு அது காணாது.

டாக்குமென்ட்டா அனுப்பினா சுருக்காது, ஆனா ஒரு ஃபைலுக்கு 2 ஜிபி வரைக்கும்தான். 2022க்கு முன்னாடி வெறும் 100 எம்பிதான் இருந்துச்சு. உங்க ஜிப் 3 ஜிபிங்கறதால 7-ஜிப்ங்கற சாஃப்ட்வேர்ல ஸ்ப்ளிட் டு வால்யூம்ஸ் இடத்துல 1000 எம்பின்னு குடுத்தா துண்டு துண்டா வரும், எல்லா துண்டும் லேபுக்கு போய் சேரணும், ஒண்ணு விட்டுப்போனாலும் திறக்காது. டெலிகிராம்ல இலவச கணக்குக்கு அதே 2 ஜிபி, காசு கட்டினா 4 ஜிபி.

ஆனா உங்க தொழிலுக்கு கூகுள் டிரைவ்ல ஏத்தி லிங்க் அனுப்பறதுதான் சரி, நடுவுல நெட் கட்டானாலும் திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிக்கற வேதனை குறையும். அதுல ஒரு இடத்துல எல்லாரும் மாட்டிக்கறாங்க. லிங்க்கை காப்பி பண்ணி அனுப்பிடுவாங்க, ஷேர் செட்டிங் ரெஸ்ட்ரிக்டட்னு அப்படியே இருக்கும், லேப்ல திறந்தா அனுமதி கேளுங்கன்னு நிக்கும், அந்த ரிக்வெஸ்ட் உங்க ஜிமெயிலுக்கு வந்து கிடக்கும், ரெண்டு பேரும் அடுத்தவங்களுக்காக காத்துக்கிட்டு இருப்பாங்க. லிங்க் வெச்சிருக்கற யாரும் பார்க்கலாம்னு மாத்தி, அதுலயும் வியூவர்னு மட்டும் வெச்சு அனுப்புங்க. ஆல்பம் பிரிண்ட் ஆகி வந்ததும் மறக்காம திரும்ப ரெஸ்ட்ரிக்டட் ஆக்கிடுங்க, அது அடுத்த வீட்டுக் கல்யாணப் படம், ஊருக்கெல்லாம் திறந்து கிடக்கக் கூடாது.

கேள்வி: அரசுப் பள்ளி தமிழாசிரியை நான். வினாத்தாள் எல்லாம் ஜிப் பண்ணி ஆசிரியர்கள் குரூப்ல போடறேன். லேப்டாப்ல பிரிச்சா எல்லாம் வருது, போன்ல பிரிச்சா சில ஃபைல் மட்டும் எரர் காட்டுது. வைரஸா டீச்சர்னு கேக்கறாங்க.

பதில்: வைரஸ் இல்லைங்க டீச்சர், அனேகமா ஃபைல் பேரோட நீளம்தான். ஆண்ட்ராய்டுல ஒரு ஃபைல் பேர் 255 பைட்டுக்குள்ள இருக்கணும். இங்கிலீஷ்ல ஒரு எழுத்துக்கு ஒரு பைட், அதனால அவங்களுக்கு இந்த எல்லை கண்ணுலயே படாது. தமிழ்ல ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட், அதுலயும் கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனி குறியீடு. தமிழ்னு எழுதினா கண்ணுக்கு மூணு எழுத்து, உள்ள அது 5 குறியீடு, 15 பைட். "பத்தாம் வகுப்பு தமிழ் முதல் இடைப்பருவத் தேர்வு வினாத்தாள்"னு பேர் வெச்சீங்கன்னா அதுக்கே 159 பைட் ஆயிடும், அதுக்கப்புறம் பள்ளிப் பேர், ஊர், மாவட்டம்னு சேர்த்தா 255ஐ தாண்டிடும். விண்டோஸ் வேற மாதிரி எண்ணுது, அங்க 255ங்கறது பைட் கணக்கு இல்ல, அதனாலதான் லேப்டாப்ல தாராளமா வருது.

தமிழ்ல பேர் வைக்கறதை விட்டுடாதீங்க. பேரை மட்டும் சுருக்குங்க, "10 தமிழ் இடைப்பருவம் 1"னு வெச்சா போதும், பள்ளி, ஊர், மாவட்டம் எல்லாம் ஃபோல்டர் பேருக்கு போகட்டும். பேர் எல்லாம் கட்டம் கட்டமா குப்பையா தெரியுதுன்னு சொன்னா அது வேற, பழைய ஜிப் சாஃப்ட்வேர்ல பண்ணினதா இருக்கும், 7-ஜிப்ல பண்ணிப் பாருங்க. கூடவே ஒண்ணு, இன்னும் நிறைய பள்ளியில பாமினி ஃபான்ட்ல அடிச்ச வேர்டு ஃபைலை அப்படியே அனுப்பறாங்க, போன்ல அது படிக்க முடியாது, பிடிஎஃப்பா மாத்திட்டு அனுப்புங்க.

கேள்வி: சேலத்துல இருந்து எழுதறேன். சித்தப்பா நம்பர்ல இருந்து ஆர்டிஓ சலான்னு ஒரு ஃபைல் வாட்ஸப்ல வந்துச்சு, ஏபிகே ஃபைல். திறந்தா போன் பிளாக் பண்ணுது, ஆபத்தான ஆப்னு சொல்லுது. சித்தப்பா அனுப்பினதுதானே, ஃபைன் எவ்வளவுன்னு பார்க்கணும், பிளாக்கை எப்படி எடுக்கறது?

பதில்: எடுக்காதீங்க தம்பி. தயவு செஞ்சு எடுக்காதீங்க. மத்த கேள்விக்கெல்லாம் தடையை எப்படி சரிபண்றதுன்னு சொல்றேன், இது ஒண்ணுக்கு மட்டும் அந்த தடைதான் உங்க பேங்க் கணக்கை இப்ப காப்பாத்திக்கிட்டு இருக்கு.

ஏபிகேன்னா அது படமோ ரசீதோ இல்ல, ஒரு முழு ஆப். சலானுக்கு யாரும் ஆப் அனுப்ப மாட்டாங்க, கல்யாணப் பத்திரிகைக்கும் அனுப்ப மாட்டாங்க, பேங்க் கேஒய்சிக்கும் அனுப்ப மாட்டாங்க, இந்த மூணு பேர்லதான் இந்த மோசடி அதிகமா சுத்துது. இன்ஸ்டால் பண்ணினதும் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேக்கும், குடுத்துட்டா உங்களுக்கு வர்ற ஓடிபி எல்லாம் அவங்க கைக்கு போயிடும், சில ஆப் உங்க வாட்ஸப்பையே அவங்க கட்டுப்பாட்டுக்கு கொண்டு போயிடும். சித்தப்பா நம்பர்ல இருந்து வந்ததுக்கு காரணமும் அதுவாத்தான் இருக்கும், அவர் போன்ல ஏற்கனவே புகுந்து அவர் கான்டாக்ட்ல இருக்கற எல்லாருக்கும் அனுப்பியிருக்கு. தெரிஞ்சவங்ககிட்ட இருந்து வந்தா பயமில்லாம திறப்போம்னு அவங்களுக்கு நல்லாவே தெரியும். அதனால இதை படிச்ச உடனே சித்தப்பாவுக்கு சாதாரண போன் காலா பண்ணி சொல்லுங்க, வாட்ஸப் மெசேஜ் வேண்டாம், அதை யார் படிக்கறாங்கன்னு நமக்கு தெரியாது.

இந்த மாதிரி எஸ்எம்எஸ் அனுமதி கேக்கற ஆப்பை வெளிய இருந்து போட்டா, ஆண்ட்ராய்டு போன்ல கூகுள் வெச்சிருக்கற பாதுகாப்பு வசதியான பிளே ப்ரொடெக்ட்டே தானா தடுக்கற ஏற்பாட்டை இந்தியாவுக்கு 2024ல கூகுள் அறிவிச்சாங்க. உங்க போன்ல வந்த எச்சரிக்கையும் பிளே ப்ரொடெக்ட்டோட வேலைதான். அதை நிறுத்தி வெச்சுட்டு இன்ஸ்டால் பண்ணுங்கன்னு அந்த ஆளுங்களே வீடியோ கூட அனுப்புவாங்க, நம்பிடாதீங்க. இப்பவே செட்டிங்ஸ்ல இன்ஸ்டால் அன்நோன் ஆப்ஸ்னு தேடி, அங்க வாட்ஸப்புக்கு அனுமதி ஆன்ல இருந்தா ஆஃப் பண்ணிடுங்க, டெலிகிராம், பிரவுசர் எல்லாத்துக்கும் அப்படியே.

நிஜமாவே ஃபைன் இருக்கான்னு தெரியணும்னா பரிவாஹன் இ-சலான் தளத்துக்கு நீங்களே போய் வண்டி நம்பர் போட்டு பாருங்க. மெசேஜ்ல வந்த லிங்க் வழியா போக வேண்டாம்.

யாராவது ஏற்கனவே இன்ஸ்டால் பண்ணிட்டிருந்தா யோசிச்சுக்கிட்டு நிக்காதீங்க. அந்த போனை உடனே ஏரோப்ளேன் மோட்ல போட்டு வைஃபையும் ஆஃப்ல இருக்கான்னு பாருங்க, வீட்ல இன்னொரு போன்ல இருந்து பேங்க்குக்கு பேசி கணக்கு, கார்டு, யுபிஐ எல்லாத்தையும் நிறுத்தச் சொல்லுங்க, காசு போயிருந்தா 1930க்கு அடிங்க, எவ்வளவு சீக்கிரம் சொல்றோமோ அவ்வளவுக்கு பணத்தை நடுவழியிலயே முடக்க வாய்ப்பு இருக்கு. சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்துலயும் புகார் பதியலாம். அதுக்கப்புறம் ஆப்பை நீக்குங்க. நீக்க விடலன்னா செட்டிங்ஸ்ல ஆக்சஸிபிலிட்டியிலயும் டிவைஸ் அட்மின்லயும் அதுக்கு குடுத்த அனுமதியை எடுத்துட்டு நீக்கணும், அப்பவும் சந்தேகமா இருந்தா போட்டோவை மட்டும் எடுத்து வெச்சுட்டு ஃபேக்டரி ரீசெட் பண்ணிடுங்க. கடைசியா நெட்வொர்க்கை ஆன் பண்ணின உடனே ##002# போட்டு டயல் பண்ணுங்க, உங்க காலை வேற நம்பருக்கு திருப்பி விட்டிருந்தா அது ரத்தாயிடும்.

கேள்வி: போட்டித் தேர்வுக்கு படிக்கற டெலிகிராம் குரூப்ல வர்ற பிடிஎஃப்பை சேவ் பண்ணவும் முடியல ஃபார்வர்ட் பண்ணவும் முடியல, என் போன் பிரச்சனையா?

பதில்: இல்ல. குரூப் அட்மின் சேவ் பண்றதை தடுத்து வெச்சிருக்காங்க, 2021 டிசம்பர்ல இருந்து டெலிகிராம்ல அந்த வசதி இருக்கு. அட்மின்கிட்டயே கேளுங்க, படிக்கறதுக்குன்னா பல பேர் மறுக்காம அனுப்பி வைப்பாங்க.

கேள்வி: ஈரோட்ல ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை. கிளையன்ட் வாட்ஸப்ல அனுப்பற எக்செல் ஃபைலை திறந்தா மேல சிவப்பா ஒரு பட்டை வந்து மேக்ரோவை தடுத்துட்டோம்னு சொல்லுது, பட்டன் எதுவும் வேலை செய்யல. போன வருஷம் வரைக்கும் மஞ்சள் பட்டையில எனேபிள்னு அமுக்குவோம், போயிடும்.

பதில்: வெளியில இருந்து வர்ற ஃபைல் ஒவ்வொண்ணு மேலயும் விண்டோஸ் கண்ணுக்கு தெரியாத ஒரு முத்திரை குத்தி வைக்கும், இது இன்டர்நெட்ல இருந்து வந்ததுன்னு. அந்த முத்திரை இருக்கற ஃபைல்ல மேக்ரோ, அதாவது ஃபைலுக்குள்ளயே இருக்கற குட்டி புரோகிராம், ஓடவே கூடாதுன்னு மைக்ரோசாஃப்ட் 2022ல மாத்திட்டாங்க, உங்க ஆபீஸ்ல புது ஆபீஸ் வெர்ஷன் போட்டதுல இருந்து சிவப்பு பட்டை வந்திருக்கும். வழி இருக்கு, எக்செல்லை மூடிட்டு ஃபைல் மேல ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், ஜெனரல் பக்கத்துல அடியில அன்பிளாக்னு ஒரு கட்டம், டிக் பண்ணி ஓகே. ஜிப்பா வந்திருந்தா பிரிக்கறதுக்கு முன்னாடியே ஜிப்புக்கு இதை பண்ணிடுங்க, இல்லன்னா உள்ள இருக்கற ஒவ்வொண்ணுக்கும் பண்ணணும்.

ஆனா பண்றதுக்கு முன்னாடி கிளையன்ட்டுக்கு போன் போட்டு நீங்கதான் அனுப்பினீங்களா, இதுல மேக்ரோ எதுக்குன்னு கேட்டுடுங்க. வெறும் விற்பனை பட்டியலுக்கு மேக்ரோ தேவையே இல்ல. இன்கம்டாக்ஸ் எக்செல் யூட்டிலிட்டியா இருந்தா யாரோ அனுப்பினதை திறக்காம போர்ட்டல்ல இருந்து நீங்களே நேரா டவுன்லோட் பண்ணி அதை அன்பிளாக் பண்ணுங்க. உங்க ஒரு கம்ப்யூட்டர்ல எத்தனை குடும்பத்தோட பான், பேங்க் விவரம் இருக்குன்னு உங்களுக்கே தெரியும்.

கேள்வி: கோயம்புத்தூர்ல இன்ஜினியரிங் கடைசி வருஷம். ப்ராஜெக்ட்டுக்காக காலேஜ் லேப்ல பிரோசடிங்கற சாஃப்ட்வேர் வெச்சு சொந்தமா ஒரு சாட் சர்வர் போட்டோம், அதுக்கு முன்னாடி வர்றதை வாங்கி உள்ள அனுப்பற என்ஜின்எக்ஸ்ங்கற வெப் சர்வர் இருக்கு. சாட் ஓடுது, சின்ன போட்டோ போகுது, கொஞ்சம் பெருசா இருந்தா ஃபெயில். என் மாமா வேற, எங்க காலத்துல எம்எஸ்என் மெசஞ்சர்லயும் இப்படித்தான் நிக்கும்னு சொல்றார். அதே பிரச்சனையா?

பதில்: சொந்தமா சர்வர் போட்டதுக்கே முதல்ல சந்தோஷம்பா, இதை கையால பண்ணிப் பார்த்தவங்களுக்குத்தான் உள்ள என்ன நடக்குதுன்னு விளங்கும். மாமா சொல்றது நிஜம், ஆனா அது வேற காரணம். எம்எஸ்என்ல ஃபைல் ஒரு கம்ப்யூட்டர்ல இருந்து இன்னொரு கம்ப்யூட்டருக்கு நேரா போக பார்க்கும், அதுக்கு 6891ல இருந்து 6900 வரைக்கும் போர்ட், அதாவது நம்பர் போட்ட கதவு மாதிரி வழி, திறந்திருக்கணும். ரெண்டு பேரும் ரவுட்டருக்கு பின்னாடி இருந்தா வெளிய இருந்து உள்ள வர வழியே கிடையாது, கதவை தட்டிக்கிட்டே சைஃபர் பர்சன்ட்ல நிக்கும். 2004ல விண்டோஸ் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2 வந்து ஃபயர்வாலை தானா ஆன் பண்ணினதும் இன்னும் நிறைய பேருக்கு நின்னுச்சு.

உங்க பிரோசடி, எக்ஸ்எம்பிபிங்கற சாட் விதிமுறைப்படி ஓடற சர்வர், அதுல இப்ப ஃபைல் அப்படி நேரா போகல. ஆப் சர்வர்கிட்ட இடம் கேக்கும், சர்வர் ஒரு அட்ரஸ் குடுக்கும், அங்க ஹெச்டிடிபியில அப்லோட் பண்ணிட்டு லிங்க்கை சாட்ல அனுப்பும். முதல் கேள்வியில வாட்ஸப்புக்கு சொன்ன அதே வழிதான், வாட்ஸப்பும் ஆரம்பத்துல ஈஜாபர்ட்ங்கற எக்ஸ்எம்பிபி சர்வரை மாத்தி எழுதித்தான் கிளம்பினாங்க.

நீங்க எந்த சைஸ்ல நிக்குதுன்னு எழுதல, அதை முதல்ல கண்டுபிடிங்க. 1 எம்பிக்கு மேல எல்லாம் ஃபெயில்னா பிரோசடி மேல தப்பே இல்ல, என்ஜின்எக்ஸ்தான். அதுல கிளையன்ட் மேக்ஸ் பாடி சைஸ்னு ஒரு செட்டிங், நாமளா எதுவும் எழுதலன்னா 1 எம்பிதான், அதுக்கு மேல வந்தா 413ங்கற எரரோட திருப்பி அனுப்பிடும், பிரோசடி வரைக்கும் போகவே போகாது. அதனாலதான் பிரோசடி லாக்ல எதுவுமே இருக்காது, நீங்க அதையே பார்த்துக்கிட்டு மண்டையை உடைச்சுக்குவீங்க. என்ஜின்எக்ஸ் லாக்கை திறங்க, 413 வரிசையா இருக்கும். அதை 50 எம்பின்னு ஏத்தி ரீலோட் பண்ணினா 10 எம்பி வரைக்கும் போகும், அங்க மறுபடி நிக்கும், ஏன்னா பிரோசடியோட ஃபைல் ஷேர் மாட்யூல்லயும் தனியா 10 எம்பின்னு ஒரு எல்லை இருக்கு. ரெண்டையும் சேர்த்து ஏத்தணும்.

எந்த சைஸும் போகலன்னா அப்லோடுக்கு குடுத்திருக்கற சப்டொமைனுக்கு டிஎன்எஸ்ஸும் சர்டிஃபிகேட்டும் இருக்கான்னு பாருங்க, மெயின் டொமைனுக்கு மட்டும் சர்டிஃபிகேட் எடுத்துட்டு இதை விட்டுடறது ரொம்ப சகஜம். பக்கத்து டீம் ஈஜாபர்ட் போட்டிருந்தா அதோட மாதிரி கான்ஃபிக்ல அப்லோட் 5443 போர்ட்ல இருக்கும், ஓபன்ஃபயர்ங்கற இன்னொரு சாட் சர்வர்னா ஃபைல் ப்ராக்ஸி 7777, காலேஜ் ஃபயர்வால்ல அந்த போர்ட்டை திறக்கச் சொல்லி எழுதிக் குடுங்க.

கேள்வி: ஐபோன்ல எடுத்த போட்டோவை டாக்குமென்ட்டா அனுப்பினா எங்க ஆபீஸ் கம்ப்யூட்டர்ல திறக்கல. போட்டோவா அனுப்பினா திறக்குது, ஆனா குவாலிட்டி குறையுது.

பதில்: 2017ல ஐஓஎஸ் 11 வந்ததுல இருந்து புது ஐபோன் எல்லாம் ஹெச்இஐசிங்கற வகையிலதான் படத்தை சேமிக்குது. போட்டோவா அனுப்பும்போது வாட்ஸப் ஜேபெக்கா மாத்திடும், டாக்குமென்ட்டா அனுப்பினா எதையும் தொடாம அப்படியே போகும், அந்த வகையை திறக்க உங்க கம்ப்யூட்டர்ல வசதி இல்ல. போன் செட்டிங்ஸ்ல கேமரா, ஃபார்மட்ஸ் போய் மோஸ்ட் கம்பாட்டிபிள்னு மாத்திடுங்க, அடுத்த போட்டோல இருந்து ஜேபெக்தான். ஏற்கனவே எடுத்ததுக்கு ஆபீஸ் கம்ப்யூட்டர்ல மைக்ரோசாஃப்ட் ஸ்டோர்ல இருந்து ஹெச்இஐஎஃப் எக்ஸ்டென்ஷனையும் ஹெச்இவிசி வீடியோ எக்ஸ்டென்ஷனையும் போட்டுக்கோங்க.